ஆதிரையின் உதட்டு நிறம்

ஆகஸ்ட் 3

ரெஜி, இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள். ஆதிரை தூங்கி, பரிதி தூங்கி, அடுப்பில் வரட்டி அணைவதற்குள் எனக்குக் கிடைக்கும் நேரம் இதுதான். கும்பகோணத்தில் ஓவியம் படிக்கும்போது நாம் இரண்டு பேரும் நாட்குறிப்பை மாற்றி மாற்றிப் படித்தோமே, அதே மாதிரி உனக்கென்றே எழுதி வைக்கிறேன். கீழே இறங்கியதும் மொத்தமாக அனுப்புவேன்.

ஊர் பெயர் லாரிங். இமயமலையில், ஸ்பிதியில், நாலாயிரம் மீட்டருக்கு மேலே. கொஞ்சம் மண் வீடுகள், பட்டாணி வயல், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லாத மலை. மரம் கிடையாது. வந்து ஒரு மாதம் ஆகிறது, எனக்குத் தலைவலி இப்போதுதான் விட்டது. பரிதிக்கு முதல் நாளிலிருந்தே ஒன்றும் இல்லை. "என் நுரையீரல் வடநாட்டு நுரையீரல்டி" என்கிறார். டிசம்பரில் டெல்லியில் அவருடைய கண்காட்சி. மலை, மிருகம், கிராமம், எல்லாம் இங்கேயே இருந்து வரைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. குழந்தையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நான் சொன்னதால்தான் எங்களையும் கூட்டி வந்தார். அதை அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார், ஆனால் கோபமாக இல்லை.

எனக்குப் பயம் நிறைய. அடுப்புப் புகை, வீட்டுக்கார அம்மா குன்சாங்கின் நாய்கள், இரவில் எங்கேயோ ஊளையிடும் ஓநாய். எட்டு மாதக் குழந்தையை இங்கே வைத்துக்கொண்டு எதற்குத்தான் பயப்படாமல் இருப்பது? தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைக்கிறேன். அதற்கும் குன்சாங் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 6

குளிர். துவைத்த அணையாடைகள் கொடியில் அட்டை மாதிரி விறைத்து நிற்கின்றன.

ஆகஸ்ட் 14

பரிதிக்கு வரைய மலையாடு கிடைக்கவில்லை. விடியுமுன் போய் பாறை மறைவில் படுத்து, மூன்றாவது வாரமாக வெறும் பாறையை வரைந்துகொண்டு வருகிறார். குன்சாங்குக்குக் கேலி. அவளும் நானும் பேசுவது அரைகுறை இந்தியில்தான். என்னை 'பாபி', அண்ணி, என்பாள்.

"பாபி, உன் வீட்டுக்காரர் ஆட்டைத் தேடிப் போறார், ஆடு அவரைப் பார்த்துட்டு நம்ம வயலுக்கு வந்து மேயுது. என் மாமனாரும் இப்படித்தான். காணாமப்போன கழுதையைத் தேடிப் போனார். கழுதை திரும்பி வந்துடுச்சு."

"மாமனார்?"

"அவர் கழுதைக்கு அப்புறம் நாலு நாள் கழிச்சு வந்தார்."

இன்று முகட்டுக்குப் போயிருந்தோம். இங்கே போனில் சிக்னல் வருவது அந்த ஒரு இடத்தில்தான். டெல்லி கேலரிக்கார அம்மா கல்ரா பேசியது ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. "பரிதி, பனிச்சிறுத்தை ஓவியம் என் கோடவுன்ல அடுக்கி வச்சிருக்கேன். யாரும் தொடறதில்ல. எனக்கு முகம் வேணும். அந்த ஊர்க் குழந்தை முகம்." பரிதி எனக்கு முன்னால் விடுவிடுவென்று இறங்கிப் போனார். கதவைச் சாத்திய சத்தத்தில் ஆதிரை விழித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17

ஊர்ப் பிள்ளைகள் உட்கார மாட்டேன் என்கிறார்கள். பட்டாணி பறிக்கிற மாதத்தில் எந்தப் பிள்ளை உட்காரும் என்று குன்சாங் கேட்டாள். பரணிலிருந்து தன் மகளின் பழைய கம்பளி அங்கியையும் காது மூடும் குல்லாவையும் எடுத்து வந்து ஆதிரைக்குப் போட்டுவிட்டாள். "இந்தா, லாரிங் குழந்தை ரெடி."

ஆதிரை பொம்மை மாதிரி உட்கார்ந்தாள். பரிதி ஒரே மூச்சில் நாலு கோட்டோவியம் போட்டார். இரவில் இரண்டு தட்டு சாப்பிட்டார். நெடுநாள் கழித்து என் தலையைத் தடவினார்.

ஆகஸ்ட் 19

ரெஜி, இன்று நான் வண்ணம் கலந்தேன்.

அவருக்குக் கோடு, மங்கைக்கு நிறம் என்று மாஸ்டர் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் வண்ணத்தில் முகம் முழுக்க முடித்துவிட்டார். உதடு மட்டும் நிற்கவில்லை. ஊதாவும் சாம்பலும் நெருங்கி வரும் இடத்தில் அவர் கண் எப்போதுமே தடுமாறும். வெளியே யாருக்கும் தெரியாது. "மங்க, இந்த உதடு மட்டும் வர மாட்டேங்குது. வந்து பாரேன்" என்றார்.

பிரசவத்துக்கு அப்புறம் இன்றுதான் வண்ணம் கலக்கும் கத்தியைக் கையில் எடுத்தேன். ஆதிரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தேன். எந்த ட்யூபிலும் இல்லாத நிறம். நாவல்பழம் தின்ற வாய் மறுநாள் காலையில் இருக்குமே, கழுவியும் போகாமல், அது. அலிசரின் சிவப்பு, வெள்ளை, அதில் கோபால்ட் நீலம் கத்தி முனையளவு. முதல் தடவையே பொருந்திவிட்டது. கலவையைத் தொட்டு அவள் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் எது எது என்று தெரியவில்லை.

அவர் பின்னால் நின்று பார்த்தார். "நீ இல்லன்னா நான் செத்தேன்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 24

மலையேற வந்த ஒரு கூட்டம் டீ குடிக்க நின்றது. புனே பக்கத்து ஆட்கள். அதில் ஒரு பெண், நரைத்த கிராப்பு, ஆதிரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கையை விரித்து விரல்களைப் பார்த்தாள். என்னிடம் ஏதோ கேட்பதற்குள் பரிதி வந்து அவளை வெளியே கூட்டிப் போனார். வயல் ஓரத்தில் வெகுநேரம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"என்ன சொன்னாங்க?"

"கண்ணு அழகா இருக்காம் உன் பொண்ணுக்கு. படத்தை வாங்க முடியுமான்னு கேட்டா. விலை படியல."

ஆகஸ்ட் 30

நல்ல மாடல் என்றால் ஆதிரைதான். வைத்த இடத்தில் இருக்கிறாள். ஊரில் தவழ்ந்து சமையலறைக்குள் போய் உளுந்து டப்பாவைக் கவிழ்த்தவள், இங்கே வந்து தவழ்வதையே விட்டுவிட்டாள். தரை சில்லென்று இருப்பதால் இருக்கும். கல்ரா அம்மாவுக்கு முதல் படம் பிடித்துவிட்டது, வரிசையாக ஒன்பது வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தலைப்பு, 'வடக்கின் குழந்தை'. நம் குழந்தை என்று சொல்லப் போவதில்லையா என்று கேட்டேன்.

"கும்மோணத்துக் குழந்தைன்னு போட்டா எவன் வாங்குவான்?"

நானும் சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 5

பால் குடிக்கும்போது தலையெல்லாம் வியர்த்து ஊற்றுகிறது. இந்தக் குளிரில். நான்தான் அதிகமாகப் போர்த்துகிறேன் போல.

செப்டம்பர் 12

பழைய கலவையைக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தேன். இன்று ஐந்தாவது படத்துக்கு எடுத்தால் பொருந்தவில்லை, சிவந்து தெரிந்தது. எண்ணெய் பிரிந்துவிட்டதோ என்று புதிதாகக் கலந்தேன். அதுவும் சிவப்பு. கோபால்ட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சேர்த்து, கடைசியில் துளி உம்பர் பழுப்பும் விட்ட பிறகுதான் உதடு கிடைத்தது. இந்த மாத வெளிச்சம் மாறிவிட்டது, அதனால் இருக்கும் என்று பரிதியிடம் சொன்னேன்.

"இதுதான். இதேதான். இந்தக் கலரைத்தான் ஜனங்க நின்னு பார்ப்பாங்க" என்றார்.

செப்டம்பர் 16

ஆதிரைக்குச் சதை பிடித்திருக்கிறது. கன்னம் உப்பி, கண் சின்னதாகி, மலை ஊர்க் குழந்தை மாதிரியே ஆகிவிட்டாள். சாக்ஸைக் கழற்றினால் அதன் விளிம்பு காலில் பள்ளமாக நிற்கிறது, வெகுநேரம் போவதில்லை. பால் மட்டும் சரியாகக் குடிப்பதில்லை. மூச்சு வாங்கி வாங்கி நிறுத்திவிடுகிறாள். குடிக்காமல் எப்படிச் சதை போடுகிறாள் என்று குன்சாங்கைக் கேட்டேன். "காத்தைக் குடிச்சே கொழுக்கிற பூமி இது" என்றாள்.

ஒரு நாள் கீழே போய் டாக்டரிடம் எடை பார்த்துவிட்டு வரலாமா என்று பரிதியிடம் கேட்டேன்.

"எதுக்கு? குண்டாயிட்டான்னு கம்ப்ளெய்ண்ட் பண்ணவா?"

"மூச்சு வாங்குதுங்க."

"உனக்கும்தான் வாங்குது. மாடி ஏறினா எனக்கும் வாங்குது. உன் பயம்தான் பாலா போய் அவளுக்குள்ள இறங்குது, மங்க. முதல்ல அதை நிறுத்து."

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். என் போனை அவர்தான் வைத்திருக்கிறார். படங்கள் எடுக்க அவர் போனில் இடம் போதவில்லை. இல்லையென்றால் முகட்டுக்குப் போய் உன்னிடமாவது பேசியிருப்பேன்.

செப்டம்பர் 19

ஆதிரை இன்று சிரிக்கவில்லை. நேற்றும் சிரித்த மாதிரி ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 25

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் குளிப்பாட்டினேன். அடுப்பை நன்றாக எரியவிட்டு, கதவிடுக்கில் துணி அடைத்து, வெந்நீரில். அறை கொதித்தது, என் ஜாக்கெட் முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் உள்ளங்கையும் பாதமும் சுடச் சுட இருந்தன. துடைத்து மடியில் போட்டுப் பார்த்தால் உதடு அதே நிறம். குளிரில் இருந்த அதே நிறம். நகமும் அதே நிறம். அது குளிரால் வந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டிருந்தேனா, நினைக்கவே இல்லையா, தெரியவில்லை. நான் நிறத்தைத்தான் பார்த்தேன், ரெஜி. அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அப்படியே துண்டில் சுற்றிக்கொண்டு அவர் வரையும் அறைக்குப் போனேன். ஏழு படங்களும் சுவரில் சாய்ந்திருந்தன. இடமிருந்து வலமாகப் பார்த்தேன். எனக்கு வேறு டாக்டர் வேண்டியிருக்கவில்லை.

"பரிதி, இவளுக்கு என்னமோ ஆகுது. முதல் படத்துக்கும் இதுக்கும் பாருங்க. ஒவ்வொண்ணிலயும் நான்தான் நீலம் சேர்த்திருக்கேன்."

அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தப் புனேக்காரி டாக்டர். அப்பவே சொன்னா. கீழ எடுத்துட்டுப் போங்க, இந்த உயரம் இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கலன்னு. கீழ போனா சரியாயிடுமாம். அவ்வளவுதான் விஷயம். சும்மா நடுங்காத."

"அப்புறம் ஏன் போகல?"

இந்தப் பதிலை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "கீழ போனா இந்தக் கலர் போயிடும்டி. இன்னும் ரெண்டே படம்."

குரலை உயர்த்தவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும்தானே கலந்த? உனக்குத் தெரியாதுன்னு சொல்லாத. உன் கண்ணு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் ஆதிரையோடு அறையை விட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 26

லாரிங்கிலிருந்து கடைசிப் பட்டாணி லாரி இன்று போனது. இனிமேல் ஊரில் இருப்பது குன்சாங்கின் மைத்துனன் மோட்டார் சைக்கிள் மட்டும்தான்.

பரிதி மலையில் இருந்தார். அவர் பையிலிருந்து என் போனை எடுத்துக்கொண்டேன். ஆதிரையைத் தூக்கிக்கொண்டு லாரி நின்ற களத்துக்கு ஓடினேன். டிரைவர் துண்டை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தான், உடனே மூடிவிட்டான்.

"முடியாது, மேடம். போன வருஷம் ஒரு கிழவனை ஏத்தினேன். பாதி வழியில போயிட்டான். மூணு நாள் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்தேன், பட்டாணி எல்லாம் அழுகிப் போச்சு. பொணமாகப் போறதை நான் ஏத்த மாட்டேன்."

பக்கத்தில் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த குன்சாங் தலையைக் குனிந்துகொண்டாள். டிசம்பர் வரைக்குமான வாடகையை பரிதி அவளிடம் பேசியிருக்கிறார்.

இன்னும் ஏற்ற வேண்டிய மூட்டைகள் இருந்தன. நான் வீட்டுக்குத் திரும்பினேன். குங்குமச் சிமிழை எடுத்தேன். வெண்ணெயில் குங்குமம் குழைத்தேன். கண்ணை உறுத்தும் சிவப்பாக நின்றது. அதைக் கொஞ்சம் இறக்க அடுப்புக் கரி, தணிக்க இன்னும் வெண்ணெய். நல்லா இருக்கிற குழந்தையின் உதடு என்ன நிறம் என்று யோசித்தேன், ரெஜி. பார்த்துக் கலக்க எதிரில் ஒன்றும் இல்லை. ஊரில் உளுந்தைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்து வாயைத் திறந்தாளே, அந்த வாயை நினைத்துக் கலந்தேன். உதட்டில் தடவினேன், கன்னத்தில் விரலால் ஒற்றிவிட்டேன். கைக்கு உறை போட்டு நகத்தை மறைத்தேன். குல்லாவை மாற்றி, களத்தின் மறுபக்கமாகச் சுற்றி வந்தேன்.

டிரைவர் மறுபடி துண்டை விலக்கினான். நல்ல வெயில். வெகுநேரம் பார்த்தான்.

"இப்ப நல்லாத்தானே இருக்கு?"

"தூக்கத்துல அப்படி இருந்தா. பால் குடுத்தேன்."

"ஏறுங்க. அழுதா இறக்கிவிட்டுடுவேன்."

அழவில்லை. அழுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

செப்டம்பர் 27

கீழே வந்துவிட்டோம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நேற்று நடந்ததில் ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

வாசலில் கூட்டம். நர்ஸ் வரிசையில் நிற்கிற குழந்தைகளை முகத்தைப் பார்த்துப் பிரித்துக்கொண்டே வந்தாள். வாந்தி எடுத்தவனை உள்ளே அனுப்பினாள். ஆதிரையின் கன்னத்தைத் தட்டி, "செவப்பா ஜம்முன்னு இருக்கா, பெஞ்சில உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் உட்கார்ந்தேன். லாரி குலுக்கியதில் தலை சுற்றிக்கொண்டிருந்தது. பூசியிருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து நானும், பரவாயில்லை, இறங்கினதும் சரியாகிவிட்டது என்று ஆறுதலாக இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பெஞ்சில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டு வந்தார்கள்.

எங்கள் முறை வந்தபோது டாக்டர் ஈரப்பஞ்சால் அவள் வாயைத் துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது. அடியில் இருந்ததைப் பார்த்து, "இது யார் செஞ்சது?" என்று கத்தினார். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

உயரத்தில் காற்று போதாமல் இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருக்கிறதாம். சதை பிடித்ததெல்லாம் நீர். இன்னும் ஒரு வாரம் மேலே இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். சமவெளிக்குக் கொண்டுபோனால் தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்.

செப்டம்பர் 28

பரிதியிடமிருந்து செய்தி வந்தது. முகட்டில் ஏறி நின்று அனுப்பியிருக்கிறார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று முதல் வரி. அடுத்த வரி, "எட்டாவதுக்கு உதடு மட்டும் பாக்கி. போட்டோவைப் பார்த்துக் கலந்தா வரல. கடைசியா கலந்ததோட அளவு என்ன?"

வெள்ளை ஆறு, அலிசரின் இரண்டு, கோபால்ட் மூன்று, உம்பர் ஒரு துளி என்று அடித்து அனுப்பிவிட்டேன். கேட்டார், சொன்னேன். அனுப்பிய பிறகுதான் என்ன அனுப்பியிருக்கிறேன் என்று பார்த்தேன். "தேங்க்ஸ் கண்ணு" என்று பதில் வந்தது. அவருக்கும் கெடு இருக்கிறது, கல்ரா அம்மா விட மாட்டார். இதை நான் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விடிந்ததும் சமவெளிக்குக் கிளம்புகிறோம். ஆம்புலன்ஸ் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. வாடகை ஜீப்தான், கூட ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர். அதைத் திறந்து மூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிலிண்டர் வழி முழுக்க வர வேண்டும், அதனால் எப்போதும் திறந்து வைக்கக் கூடாது. ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் கருவி அவள் விரலில் நிற்கவில்லை, நேரத்துக்கொரு எண் காட்டுகிறது.

"அதை நம்பாதீங்க. உதட்டைப் பார்த்துக்கிட்டே வாங்க. நீலம் ஏறினா கூட்டுங்க, தெளிஞ்சா குறைங்க. நீங்க படம் வரையறவங்கதானே, உங்களுக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

எனக்குத் தெரியவில்லை, ரெஜி. சாயங்காலத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நேரம் வெளுத்த மாதிரி இருக்கிறது, கண்ணைச் சிமிட்டினால் அதே நாவல்பழம். நாற்பது நாள் இந்த உதட்டைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றே பழகிய கண் இது. இதை வைத்துக்கொண்டு நான் எப்படி அந்தத் திருகைத் திருப்புவேன்?

இந்தப் பக்கங்களை எல்லாம் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். கூடவே ஆதிரையின் முகம், இப்போது எடுத்தது, டியூப்லைட் வெளிச்சத்தில், எதுவும் பூசாமல். முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் படிக்காதே. முகத்தை மட்டும் பார். உதடு என்ன நிறம் என்று சொல். வழியிலும் எடுத்து எடுத்து அனுப்புவேன், நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜீப் கிளம்புவதற்குள் பதில் போடு.